பேய்க் கதையின் சொந்தக்காரி

1922-ம் வருஷம் ஏப்ரல் மாதம் லண்டனில் ஒரு விதவை அம்மாளுக்குப் பெர்லின் நகரத்திலிருந்து தபால் ஒன்று வந்தது. அனுப்பியவர் யார் என்று தெரியவில்லை, கையெழுத்தும் இல்லை. நம் பக்கத்தில் மொட்டைக் கடிதம் என்கிறோமே, அந்த வகை. ஆனால் மொட்டைக் கடிதத்துக்கு உரிய வம்பு ஒன்றும் அதில் கிடையாது. உள்ளே இருந்தது ஒரு சினிமாவின் நிகழ்ச்சிப் புத்தகம். முந்திய மாதம் 4-ந் தேதி பெர்லின் மிருகக் காட்சிசாலையைச் சேர்ந்த மண்டபம் ஒன்றில் அமர்க்களமாக வெளியான பேய்ப் படம் அது. பெயர் 'நாஸ்ஃபெராட்டு'. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலைத் தழுவியது என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது.

அம்மாளின் பெயர் ஃபிளாரன்ஸ் ஸ்டோக்கர். அந்த பிராம் ஸ்டோக்கரின் மனைவி. தழுவுவதற்கு அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் காசு கொடுக்கவுமில்லை. திருடன் வீட்டில் புகுந்து சாமானைத் தூக்கிக்கொண்டு, போகும்போது மேஜைமேல் தன் பெயர் போட்ட கார்டையும் வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்தப் புத்தகம்.

ஃபிளாரன்ஸ் சின்ன வயசில் பேரழகி என்று பெயர் வாங்கியவர். டப்ளின் நகரில் இருந்த நாட்களில் ஆஸ்கார் வைல்ட் அவர்மேல் பிரியம் வைத்துப் பென்சிலால் அவர் உருவத்தை வரைந்தார். சின்னத் தங்கச் சிலுவை ஒன்றும் பரிசளித்தார். பிற்பாடு பெரிய நாடகாசிரியராகிப் புகழும் துயரமும் கண்டாரே, அதே வைல்ட்தான். ஆனால் 1878-ல் ஃபிளாரன்ஸ் மாலையிட்டது பிராம் ஸ்டோக்கருக்கு. விஷயம் தெரிந்ததும் வைல்ட் அந்தச் சிலுவையைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதினார். கவிஞர்களும் இந்த மாதிரி விஷயத்தில் கறார்தான்!

ஸ்டோக்கர் லண்டனில் ஹென்றி இர்விங் என்ற மகா நடிகரிடம் மானேஜராகச் சேர்ந்து, லைஸியம் நாடகக் கொட்டகையின் கணக்கு வழக்குகளைக் கட்டி மாரடித்தார். ஒழிந்த நேரத்தில் நாவல் எழுதினார். 'டிராகுலா' 1897-ல் வெளிவந்தது. 1912-ல் அவர் காலமானபோது மனைவிக்குப் பெரிய ஆஸ்தி எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. மறு வருஷம் அம்மாள் அவருடைய புத்தகங்களையும் காகிதங்களையும் ஏலத்துக்கு விட்டார். 'டிராகுலா'வுக்காக அவர் வருஷக் கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்புக் கட்டு இரண்டு பவுனுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் போயிற்று. இன்றைக்கு அது அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்து ரோஸன்பாக் நூலகத்தில் கண்ணாடிப் பாத்திரம் போலப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஆகவே பெர்லின் தபால் வந்தபோது அந்த அம்மாளுக்கு மிஞ்சியிருந்த பெரிய சொத்து அந்த ஒரு பேய்தான். அதையும் ஒருவன் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போனால் விடுவாரா? எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தின் மூலம் ஜெர்மனியில் வக்கீல் வைத்தார்.

படம் எடுத்த கம்பெனிக்குப் பிராணா என்று பெயர். நம் பிராணன்தான்; சம்ஸ்கிருத வார்த்தையைப் பிடித்துப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் பெயர்ப் பொருத்தம் பார்க்கவில்லை போலிருக்கிறது. அந்த ஒரு படத்தோடு கம்பெனியின் பிராணன் போய்விட்டது. திவாலான கம்பெனியிடம் பணம் பெயராது என்று தெரிந்ததும் அம்மாள் கேட்டது வேறு: படத்தை அழித்துவிட வேண்டும், நெகடிவ், பிரதிகள் எல்லாவற்றையும். மூன்று வருஷ இழுபறிக்குப் பிறகு 1925 ஜூலையில் ஜெர்மன் கோர்ட்டு அப்படியே உத்தரவு போட்டது.

உத்தரவு போட்டால் தீர்ந்ததா? அதற்குள் பிரதிகள் பல தேசங்களுக்குப் போய்விட்டன. 1928-ல் லண்டனிலேயே ஒரு சினிமாக் கழகத்தார் அதைத் திரையிட்டார்கள். 1929-ல் நியூயார்க்கில் ஓடியது. ஓரிடத்தில் பிடித்தால் இன்னோரிடத்தில் கிளம்பியது.

சினிமா ரசிகர்கள் ஃபிளாரன்ஸ் அம்மாளை இன்றுவரை கரித்துக் கொட்டுகிறார்கள். முர்னாவ் என்ற மேதை டைரக்ட் செய்த படத்தைக் கொளுத்தச் சொன்ன கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். எனக்கு அந்த வசவில் சம்மதமில்லை. குடியிருக்கும் வீட்டை மேதை ஒருவன் வந்து ஆக்கிரமித்தால், அழகாகக் கோலம் போட்டிருக்கிறான் என்று சும்மா இருந்துவிட முடியுமா? அதே சமயம், படம் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இரண்டும் ஒரே மனசில் இருக்கிறது, என்ன செய்ய?

* * *

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். பேய்ப் படத்தில் என்ன ஆராய்ச்சி என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வெளிநாட்டு சர்வகலாசாலைகளில் இதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு கதையை நாடகமாக, சினிமாவாக, பிறகு அந்த சினிமாவையே மறுபடி சினிமாவாக எடுக்கிறார்களே, அந்தச் சங்கதிதான் பாடம். வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதல்ல. ஏட்டுச் சுவடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் பாடபேதம் பார்த்தாரே, அதே மாதிரி இவர்கள் படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. ஐயரவர்கள் சரியான பாடம் எது என்று தேடினார். இவர்கள், மாற்றியவன் ஏன் மாற்றினான் என்று கேட்கிறார்கள். டொரான்டோ சர்வகலாசாலைப் பேராசிரியை லிண்டா ஹட்சன் 2006-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தழுவல் என்றால் மூலத்துக்கு ஒரு படி கீழே என்று உட்காரவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

டிராகுலா என்றதும் உங்கள் மனசில் என்ன தோன்றுகிறது? ராத்திரி உடுப்பு, கறுப்பு மேலங்கி, கழுத்துக்குப் பின்னால் விசிறி மாதிரி நிற்கும் காலர், சூரிய வெளிச்சம் பட்டால் சாம்பல்! ஸ்டோக்கரின் நாவலைப் புரட்டிப் பாருங்கள். அங்கே அவன் நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவன். பட்டப் பகலில் லண்டன் வீதியில் நடமாடுகிறான். கடைசியில் அவனை வெயில் கொல்லவில்லை. அஸ்தமிக்கிற நேரத்தில் இரண்டு பேர் கத்தியால் முடிக்கிறார்கள்.

பின்னே வெயில் எங்கிருந்து வந்தது? பெர்லின் திருட்டுப் படத்திலிருந்துதான் வந்தது. சேவல் கூவி, விடிகிற வெளிச்சத்தில் பேய் புகையாகிப் போவது 'நாஸ்ஃபெராட்டு' கண்டுபிடித்தது. 1958-ல் இங்கிலாந்தில் எடுத்த படத்தில் டாக்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெயிலைப் பாய்ச்சினார். 1967-ல் லாகூரில் எடுத்த 'ஜிந்தா லாஷ்' படத்திலும் பேய் வெயிலில்தான் மாண்டது. சொந்தக்காரி கொளுத்தச் சொன்ன படத்திலிருந்து எடுத்த ஒரு கங்கு லாகூர்வரை போயிருக்கிறது!

காலர் விஷயம் இன்னும் வேடிக்கை. 1924-ல் ஹாமில்டன் டீன் என்ற நாடகக் கம்பெனிக்காரர் ஃபிளாரன்ஸ் அம்மாளிடம் முறைப்படி அனுமதி வாங்கிக் கதையை மேடையேற்றினார். டிராகுலா மேடையில் திடீரென்று மாயமாக வேண்டும். நடிகர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். மற்றவர்கள் அவர் மேலங்கியைப் பிடித்திருப்பார்கள். அவர் நைஸாக நழுவிப் பொறிக் கதவு வழியாகக் கீழே போய்விடுவார். தலை மறைந்தது தெரியாமலிருக்க வேண்டுமே, அதற்காகத்தான் அந்த உயர்ந்த காலர். தந்திரத்துக்குத் தைத்த காலர், பேயின் சொந்த உடம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு விட்டது. லண்டனில் இந்த நாடகம் நடந்தபோது மயக்கம் போடுகிறவர்களைக் கவனிக்க உடுப்புப் போட்ட நர்ஸ் ஒருத்தியைக் கொட்டகையிலேயே உட்காரவைத்தார்களாம். விளம்பரம் பண்ணத் தெரிந்த மனிதர்!

துருக்கியில் 1953-ல் எடுத்தபோது சிலுவைக்கு அங்கே வேலை இல்லை. வெள்ளைப்பூண்டை வைத்தே பேயைச் சமாளித்தார்கள். நாவலிலும் பூண்டு உண்டு. துருக்கியில் அதற்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இப்படி ஒவ்வொரு நாட்டுக் கைப்பக்குவமும் சேர்ந்து வந்த குழம்பைத்தான் நாம் மூலம் என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஐஸ்லாந்து தேசத்தார் கதை இதைவிட அதிசயம். அங்கே 1900, 1901-ல் ஒரு பத்திரிகையில், நம் பத்திரிகைகளில் வருவது போலவே, 'டிராகுலா' தொடர்கதையாக வந்து புத்தகமும் ஆயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் அது மொழிபெயர்ப்பு என்றே எல்லாரும் நம்பினார்கள். 2014-ல் ஹான்ஸ் டி ரூஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் வரி வரியாகப் பார்த்துவிட்டு, இது வேறு கதை என்றார். கோட்டையில் நடப்பதே முக்கால் புத்தகம். பாத்திரங்களின் பெயர்கூட வேறு. அதுவும் 1899-ல் ஸ்வீடன் பத்திரிகையில் வந்த இன்னொரு தொடர்கதையிலிருந்து வந்தது என்று 2017-ல் தெரிந்தது. தகப்பனைத் தேடிப் போனால் பாட்டன் வந்து நிற்கிறான்.

* * *

1930-ல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் கம்பெனி நாவல், நாடகம் எல்லாவற்றின் உரிமையையும் 40,000 டாலருக்கு வாங்கிற்று. நாடகக்காரர்களோடு பங்கு பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தாலும், ஃபிளாரன்ஸ் அம்மாளுக்குக் கடைசியில் ஒரு வழி பிறந்தது. பேலா லுகோஸி நடித்த படம் 1931 பிப்ரவரியில் வெளிவந்தது.

அதே ஸ்டுடியோவில், அதே செட்டில், அதே மாதங்களில் இன்னொரு 'டிராகுலா'வும் தயாராயிற்று. பேசும் படம் வந்த புதிது. வேறு பாஷையில் குரல் சேர்க்கும் வித்தை இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே ஸ்பானிஷ் ஜனங்களுக்காக அவர்கள் பாஷை நடிகர்களை வைத்துத் தனியாகவே எடுத்தார்கள். பகலில் இங்கிலீஷ் கோஷ்டி. அவர்கள் வீட்டுக்குப் போனதும் ஸ்பானிஷ் கோஷ்டி வந்து விடிய விடிய வேலை செய்யும். 1955-ல் 'மிஸ்ஸம்மா'வைத் தெலுங்கிலும் 'மிஸ்ஸியம்மா'வைத் தமிழிலும் ஒன்றாக எடுத்தார்களே, அதில் இரண்டுக்கும் ஒரே சாவித்திரி. இங்கே ஆட்கள் வேறு. கதாநாயகி லூப்பிட்டா டோவர் என்ற இருபது வயது மெக்ஸிகோ பெண். தயாரிப்பாளர் பால் கோனரையே 1932-ல் கல்யாணம் செய்துகொண்டு, 106 வயது வரை வாழ்ந்து 2016-ல் காலமானார்.

ராத்திரிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். பகல்காரர்கள் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைவிட நன்றாக எடுப்போம் என்று முயன்றார்கள். ஸ்பானிஷ் படம் அரை மணி நேரம் நீளம்; காமிரா வேலை ஹாலிவுட் படத்தைவிட மேல் என்று பலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கிடைத்த பிரதியில் ஒரு ரீல் சிதைந்து போயிருந்தது. டேவிட் ஸ்கால் என்ற ஆராய்ச்சியாளர் கியூபாவுக்குப் போய், ஹவானா நகரத்துப் படக் காப்பகத்தில் முழுப் பிரதியைப் பார்த்தார். அவர் 1990-ல் எழுதிய 'ஹாலிவுட் காதிக்' என்ற புத்தகம்தான் ஃபிளாரன்ஸ் அம்மாளின் வழக்கையும் விவரமாக உலகத்துக்குச் சொன்னது.

இனி, இத்தனை படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் காணாமல் போன ஒரு சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு டைப்ரைட்டர்.

நாவலில் மினா என்று ஒரு பெண் வருகிறாள். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. புருஷனாக வரப்போகிறவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சுருக்கெழுத்துக் கற்றுக்கொள்கிறாள்; டைப் அடித்துப் பழகுகிறாள். ரயில் டைம் டேபிளை மனப்பாடமாகச் சொல்வாள். டிராகுலாவைத் துரத்துகிற ஆண்களில் ஆளுக்கொரு டைரி, ஆளுக்கொரு துண்டு விவரம். ஒருவருக்கொருவர் தெரியாது. இந்தப் பெண்தான் எல்லாருடைய டைரியையும் கடிதத்தையும் பத்திரிகைத் துணுக்கையும் வாங்கித் தேதிவாரியாக அடுக்கி, மூன்று பிரதி டைப் அடிக்கிறாள். அடித்து முடித்த பிறகுதான் அந்தச் சூரர்களுக்குத் தாங்கள் எதைத் துரத்துகிறோம் என்பதே புரிகிறது.

அதற்கப்புறம் அவர்கள் என்ன செய்கிறார்கள், தெரியுமா? இது பெண்பிள்ளை கேட்கத் தக்க விஷயமில்லை, இனி உனக்கு ஒன்றும் சொல்ல மாட்டோம், நீ போய்த் தூங்கு என்கிறார்கள். அவள் நன்மைக்காகத்தான்! அவர்கள் பேயைத் தேடி வெளியே அலைகிற ராத்திரியில் பேய் வீட்டுக்கு வருகிறது. தனியாகத் தூங்கும் அவளிடம் வருகிறது. பிறகு டைரிகளையெல்லாம் நெருப்பில் போடுகிறது. ஆனால் அவள் டைப் அடித்த பிரதி ஒன்று இரும்புப் பெட்டியில் இருக்கிறது, அது தப்பிக்கிறது. கடைசியில் பேய் எந்த ஆற்று வழியாக ஊருக்குத் தப்பிப் போகிறது என்று யோசித்துக் கண்டுபிடிப்பவளும் அவளேதான். கதை முடிவில் புருஷன்காரன் எழுதுகிறான்: கையெழுத்து மூலம் என்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை, இருப்பதெல்லாம் டைப் அடித்த காகிதம்தான் என்று. அதாவது நாம் வாசிக்கிற 'டிராகுலா'வே மினா எடுத்த பிரதி.

இதைக் கல்லூரிக்காரர்கள் கவனிக்கவே எண்பத்தைந்து வருஷம் பிடித்தது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஹ் கிட்லர் என்ற அறிஞர் 1982-ல் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் ஜெனிஃபர் விக்கி என்ற அறிஞர் 1992-ல் மினாவின் டைப்ரைட்டரைத் தலைப்பிலேயே வைத்துக் கட்டுரை எழுதினார்.

படங்களில் என்ன ஆயிற்று? முதன் முதலில் மினாவை மேடையேற்றியவர் ஸ்டோக்கரேதான். நாடக உரிமை பறிபோகாமலிருக்க, நாவல் வெளிவருவதற்கு எட்டு நாள் முன்பு, 1897 மே 18-ந் தேதி, அச்சுப் படிகளை வெட்டி ஒட்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் லைஸியத்தில் வாசிக்கச் செய்தார். மினாவாக வாசித்தவர் எடித் கிரெய்க், பிரபல நடிகை எல்லன் டெர்ரியின் மகள். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவைத்தார்கள். பெர்லின் படம் கதையை 1838-ம் வருஷத்துக்குத் தள்ளிவிட்டது. அப்போது டைப்ரைட்டர் ஏது? மினாவுக்கு எல்லன் என்று பெயர் மாற்றினார்கள். ஊரைக் காப்பாற்றப் பேயை விடியும்வரை தன் அறையில் நிறுத்திவைத்து உயிரை விடுகிறாள் அவள். பத்தினித் தெய்வம் மாதிரிதான்; ஆனால் கதையை எழுதும் வேலை அவளிடம் இல்லை. அதை யாரோ ஒரு ஊர்ச் சரித்திரக்காரர் செய்கிறார். அவருக்குப் பெயர்கூடக் கிடையாது; கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மூன்று சிலுவைக் குறி. மறுபடியும் மொட்டைக் கடிதம்!

நியூயார்க் நாடகத்தில் மினாவும் அவள் சிநேகிதி லூஸியும் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மினா என்ற பெண் நாடகம் ஆரம்பிக்கும் முன்பே செத்துப் போயிருக்கிறாள். 1931 படத்தில் மினா உயிரோடு இருக்கிறாள், ஆனால் மயங்குவதும் மிரள்வதும்தான் உத்தியோகம். துருக்கியில் அவள் மேடை நாட்டியக்காரி. 1992-ல் கோப்போலா எடுத்த படத்தில் டைப்ரைட்டரை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே பேயின்மேல் ஒரு காதலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நாவலில் அந்தக் காதல் கிடையாது. பறிகொடுத்த சாமானை வட்டிக்கு வாங்கின மாதிரி ஆயிற்று.

* * *

'நாஸ்ஃபெராட்டு' என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதன் மூல நெகடிவ் போனது போனதுதான். இன்று நாம் பார்க்கும் படம் பல தேசத்துப் பிரதிகளிலிருந்து ஒட்டுப் போட்டு எடுத்தது. 2005, 2006-ல் லூசியானோ பெரியத்துவா என்ற ஸ்பெயின் தேசத்தவர் பாரிஸ் காப்பகத்தில் இருந்த 1922-ம் வருஷத்துச் சாயம் தோய்த்த பிரதியை முக்கியமாக வைத்து அதைச் சீர்ப்படுத்தினார்.

ஃபிளாரன்ஸ் அம்மாள் 1937-ல் காலமானார். 1962-ம் வருஷத்தோடு இங்கிலாந்தில் நாவலின் காபிரைட்டும் முடிந்தது. இனி யாரும் யாரையும் கேட்க வேண்டாம். பெர்லின் படத்தை 1979-ல் வெர்னர் ஹெர்ஸாக் மறுபடி எடுத்தார். 2024-ல் ராபர்ட் எகர்ஸ் எடுத்தார். எகர்ஸ் படத்திலும் வருஷம் 1838, பெண்ணின் பெயர் எல்லன், கையில் டைப்ரைட்டர் இல்லை. படத்தில் ஸ்டோக்கரின் நாவலையும் சொல்லி, 1922 படத்தின் கதை வசனகர்த்தா ஹென்ரிக் கலேனின் பெயரையும் மரியாதையாகப் போட்டிருக்கிறார்கள். போட்டதெல்லாம் சரிதான். 1922-லும் பெயர் போடத்தான் போட்டார்கள். அம்மாள் கேட்டது அதை அல்ல.